'ஆய்வில் தெரியவந்துள்ளது'ன்னு வர்ற செய்திய எப்படிப் படிக்கிறது: உளவியல் ஆய்வும் அதோட வேலிடிட்டியும்

செல்போன் அதிகமா பாக்குற பசங்களுக்கு மனச்சோர்வு வருதுன்னு ஒரு செய்தி வரும், ரெண்டு மாசம் கழிச்சு அப்படியெல்லாம் பெருசா ஒண்ணுமில்லன்னு இன்னொரு செய்தி வரும், ரெண்டுலயும் 'ஆய்வில் தெரியவந்துள்ளது'ன்னுதான் போட்டிருக்கும். படிக்கிறவங்க என்ன பண்றாங்கன்னா, ஒண்ணு தனக்குப் பிடிச்ச செய்திய மட்டும் ஃபார்வர்டு பண்றாங்க, இல்லன்னா 'இவங்களுக்கு வேற வேலை இல்ல, நாளைக்கே மாத்திச் சொல்லுவாங்க'ன்னு மொத்தமா ஒதுக்கிடறாங்க. ஆனா ஒரு பக்கமும் பொய் சொல்லாமலே ரெண்டு ஆய்வு ரெண்டு விதமா பேச முடியும். அது எப்படி நடக்குதுன்னு புரியறதுக்கு வேலிடிட்டின்ற ஒரு விஷயம் தெரிஞ்சா போதும்.

வேலிடிட்டின்னதும் ரீசார்ஜ் ஞாபகம் வரும், 28 நாள் இருக்கும் அப்புறம் போயிடும்னு. உளவியல் ஆய்வுல அந்த அர்த்தம் கிடையாது. பாடப் புத்தகத்துல இதுக்கு ஏற்புடைமைன்னு போட்டிருப்பாங்க. ஒரு ஆய்வ வச்சு ஒரு முடிவு சொல்றோமே, அந்த முடிவ அந்த ஆய்வு தாங்குமா, அதான் கேள்வி. இங்க ஒண்ண கவனிக்கணும், பெரும்பாலும் குழப்பம் ஆரம்பிக்கிறதே இதுலதான். 'இந்த ஆய்வுக்கு வேலிடிட்டி இருக்கா'ன்னு கேட்டா பதில் சொல்ல முடியாது. ஒரே ஆய்வு ஒரு முடிவுக்கு நல்லா தாங்கும், அதையே வச்சு இன்னொரு முடிவு சொன்னா பொலபொலன்னு உதிரும். அதனால ஏற்புடைமை ஒட்டிக்கிட்டிருக்கிறது ஆய்வுல கிடையாது, அத வச்சு சொல்ற பேச்சுல. செய்தித் தலைப்பு மாறும்போதெல்லாம் இந்தக் கேள்வியையும் புதுசா கேக்கணும்.

நாலு கேள்வி

1957ல டொனால்ட் கேம்பல்ன்ற அமெரிக்க உளவியலாளர் உள் ஏற்புடைமை, புற ஏற்புடைமைன்னு ரெண்டா பிரிச்சாரு. 1979ல டாமஸ் குக்கும் அவரும் சேந்து அத நாலாக்குனாங்க. இன்னைக்கும் பாடத்துல இதுதான் ஓடுது.

1. கருத்தாக்க ஏற்புடைமை: எதை அளக்கறோம்னு சொன்னாங்களோ அதையேதான் அளந்தாங்களா?
2. உள் ஏற்புடைமை: இதனாலதான் அது நடந்துச்சா, இல்ல வேற ஏதாவது காரணமா?
3. புள்ளியியல் முடிவோட ஏற்புடைமை: கணக்குல தெரியற வித்தியாசம் நிஜமா, தற்செயலா?
4. புற ஏற்புடைமை: வேற ஆளுங்களுக்கு, வேற எடத்துல, வேற காலத்துல இது பொருந்துமா?

நாலும் ஒரே எடை இல்ல. செய்திகள்ல அடிக்கடி அடிவாங்குறது முதல் ரெண்டும்தான், அதனால அதுலதான் இங்க அதிக நேரம் போகும்.

கண்ணுக்குத் தெரியாதத எப்படி அளக்குறது

உயரத்துக்கு டேப் இருக்கு, காய்ச்சலுக்கு தெர்மாமீட்டர் இருக்கு. மனச்சோர்வு, தன்னம்பிக்கை, சுயக்கட்டுப்பாடு இதுக்கெல்லாம் எங்க டேப் வைக்கிறது? நேரடியா பாக்க முடியாத, ஆனா இருக்குன்னு நம்மளே பேரு வச்சுப் பேசுற இந்த மாதிரி விஷயங்களுக்குத்தான் கருத்தாக்கம்னு பேரு. இத அளக்கணும்னா பதிலுக்கு அளக்க முடியற ஏதாவது ஒண்ணப் பிடிக்கணும், கேள்வித்தாள்ல வாங்குன மார்க்கு, பட்டன அமுக்க ஆன நேரம், எச்சில்ல இருக்குற ஹார்மோன் அளவு, இப்படி. 'எங்க ஆய்வுல மனச்சோர்வுன்னா இந்தக் கேள்வித்தாள் மார்க்குதான்'னு முன்கூட்டியே சொல்லிடறத செயல்முறை வரையறைன்னு சொல்வாங்க. ஆய்வுக் கட்டுரை செய்தியா மாறும்போது முதல்ல காணாம போறது இந்த ஒரு வரிதான், மார்க்குன்றது போயி மனச்சோர்வுன்ற வார்த்தை மட்டும் தலைப்புல நிக்கும்.

இதுல நம்பகத்தன்மையையும் ஏற்புடைமையையும் போட்டுக் குழப்பிக்கிறவங்க நிறைய. ஒருத்தரோட தலைச் சுற்றளவ டேப் வச்சு அளந்து அதுதான் புத்திசாலித்தனம்னு ஒருத்தர் சொன்னா, இன்னைக்கு அளந்தாலும் அடுத்த மாசம் அளந்தாலும் யாரு அளந்தாலும் அதே நம்பர்தான் வரும், அதாவது நம்பகத்தன்மை பிரமாதம், ஆனா அது புத்திசாலித்தனத்தோட அளவு கிடையாது, ஏற்புடைமை சுத்தமா இல்ல. நம்பகத்தன்மைய பாக்குறது ஓரளவு சுலபம். திரும்ப அளந்தா அதே வருதா, ரெண்டு பேரு பாத்தா ஒரே மாதிரி மார்க்கு போடுறாங்களா, ஒரே கேள்வித்தாள்ல இருக்குற கேள்விங்க ஒண்ணோட ஒண்ணு ஒத்துப் போகுதான்னு பாத்தா முடிஞ்சது. கடைசியா சொன்னதுக்கு லீ குரோன்பாக் 1951ல விளக்குன ஆல்ஃபான்ற கணக்கு எல்லா கட்டுரையிலயும் இருக்கும், 0.8 வந்துச்சு 0.9 வந்துச்சுன்னு பெருமையா போட்டிருப்பாங்க. அந்த நம்பர் எவ்ளோ பெருசா இருந்தாலும் கேள்வித்தாள் சரியான விஷயத்த அளக்குதுன்னு அது சொல்லாது, கேள்விங்க ஒண்ணுக்கொண்ணு உறவா இருக்குன்னு மட்டும்தான் சொல்லும்.

ஏற்புடைமைக்கு அப்படி ஒரு நம்பர் கெடையாது. அதே குரோன்பாக்கும் பால் மீலும் 1955ல எழுதுன கட்டுரைதான் இதுக்கு அடிப்படை. ஒரு அளவுகோல் நிஜமாவே மனச்சோர்வ அளக்குதுன்னா அது எது எதோட சேந்து ஏறி இறங்கணும், எதோட சேரக்கூடாதுன்னு முன்னாடியே யோசிச்சு, ஒவ்வொண்ணா சரிபாத்துக்கிட்டே போகணும்னாங்க. 1959ல கேம்பலும் டொனால்ட் ஃபிஸ்க்கும் இத இன்னும் கறாராக்குனாங்க, ஒரே விஷயத்த வேற வேற முறையில அளந்தா நம்பருங்க நெருங்கி வரணும், வேற விஷயத்த ஒரே முறையில அளந்தா விலகி நிக்கணும். கேள்வித்தாள் வச்சு அளந்த பதட்டமும் கேள்வித்தாள் வச்சு அளந்த தனிமையும் ஒட்டிக்கிட்டே வந்தா, ரெண்டும் நிஜமாவே உறவா இல்ல ரெண்டுமே கேள்வித்தாள்ன்றதால ஒட்டுதான்னு தெரியாதில்ல, அதுக்குத்தான்.

எனக்குப் பொருந்துதுன்னு தோணுனா மட்டும் போதுமான்னு கேட்டா, போதாது. 1948ல பெர்ட்ரம் ஃபோரர் தன்னோட மாணவர்கள் 39 பேருக்கு ஒரு ஆளுமைச் சோதனை வச்சாரு, அப்புறம் ஒவ்வொருத்தர்கிட்டயும் 'இதுதான் உன்னோட ஆளுமை'ன்னு ஒரு தாள் குடுத்து எவ்ளோ சரியா இருக்குன்னு 5க்கு மார்க்கு போடச் சொன்னாரு. சராசரி 4.26. விஷயம் என்னன்னா எல்லாருக்கும் ஒரே தாள், அதுவும் கடையில விக்கிற ஒரு ஜோசியப் புத்தகத்துலேர்ந்து எடுத்தது. இணையத்துல சுத்துற ஆளுமைச் சோதனைங்கள 'அப்படியே என்னப் பத்தி சொல்லுது'ன்னு பகிர்றப்போ இந்த 4.26 ஞாபகத்துல இருக்கட்டும்.

இன்னொரு வழக்கமான தப்பு. மனச்சோர்வுக்கு உலகம் முழுக்கப் பயன்படுத்துற ஒரு சின்னக் கேள்வித்தாள் இருக்கு, பிஎச்க்யூ 9னு பேரு. போன ரெண்டு வாரத்தப் பத்தி 9 கேள்வி, ஒவ்வொண்ணுக்கும் 0லேர்ந்து 3 வரை, மொத்தம் 27. 10ஓ அதுக்கு மேலயோ வந்தா கவனிக்கணும்னு வழக்கமா எடுத்துப்பாங்க. இது சலிச்செடுக்கறதுக்கான கருவி, யாரை டாக்டர் உக்காந்து விசாரிக்கணும்னு காட்டும். 10ஓ அதுக்கு மேலயோ வாங்குனவங்களை எண்ணிட்டு 'இத்தனை சதவீதம் பேருக்கு மனச்சோர்வு நோய்'னு தலைப்பு போட்டா, கருவி தப்பு பண்ணல, அதுலேர்ந்து எடுத்த முடிவுதான் தப்பு.

செல்போன் ஆய்வுலயும் இதே ஓட்டை இருக்கு. ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் பாக்குறன்னு பசங்களையே கேட்டு வாங்குன பதில்தான் ரொம்ப ஆய்வுகள்ல 'திரை நேரம்'. போன்லயே தானா பதிவான நேரத்தோட இத ஒப்பிட்டுப் பாத்த ஆய்வுங்கள 2021ல மொத்தமா தொகுத்துப் பாத்தப்போ ரெண்டுக்கும் பொருத்தம் சுமார்தான்னு வந்துச்சு. அப்போ அங்க அளந்தது திரை நேரமா, திரை நேரத்தப் பத்தி அந்தப் பிள்ளைக்கு இருக்குற எண்ணமா?

முறைகள், சுருக்கமா

1. தொடர்பு ஆய்வு: ரெண்டு விஷயத்த அளந்து சேந்து போகுதான்னு பாக்குறது. ஒட்டுறவு இருக்கா இல்லையான்னு மட்டும் சொல்லும்.
2. சோதனை: ஆய்வாளரே ஒண்ண மாத்தி, யாருக்கு எதுன்னு குலுக்கல் முறையில பிரிச்சு, என்ன ஆகுதுன்னு பாக்குறது. காரணம் சொல்ல இதுதான் பலமானது.
3. அரைச் சோதனை: குலுக்கல் போட முடியாத எடத்துல, ஏற்கனவே பிரிஞ்சு கெடக்குற குழுக்கள ஒப்பிடுறது. ஒரு பள்ளிக்கூடத்துல புது முறை, இன்னொண்ணுல பழைய முறை, அந்த மாதிரி.
4. நெடுங்கால ஆய்வு: அதே ஆளுங்கள வருஷக்கணக்கா பின்தொடர்றது. எது முன்னாடி எது பின்னாடின்னு தெரியும், காரணம்னு உறுதியா சொல்ல அப்பவும் யோசிக்கணும்.
5. நேர்காணல், ஒரே ஆளப் பத்தின ஆழமான ஆய்வு: எத்தனை பேருன்னு சொல்ல உதவாது, எப்படி, ஏன்னு புரிஞ்சிக்க உதவும்.

இதுல குலுக்கல்ன்ற வார்த்தை ரெண்டு எடத்துல வரும், ரெண்டும் வேற வேற. மக்கள்லேர்ந்து குலுக்கல் போட்டு ஆள் எடுத்தா அதுக்குப் பேரு சாம்பிள் எடுக்குறது, முடிவு எல்லாருக்கும் பொருந்துமான்ற கேள்விக்கு அது உதவும். வந்தவங்கள குலுக்கல் போட்டு ரெண்டு குழுவா பிரிச்சா அது ஒதுக்கீடு, காரணம் எதுன்ற கேள்விக்கு அது உதவும். உளவியல் சோதனைகள்ல ரெண்டாவது பெரும்பாலும் இருக்கும், முதலாவது ரொம்ப அபூர்வம்.

இதனாலதானா?

உள் ஏற்புடைமைய கெடுக்குற விஷயங்கள் ஒரு பட்டியலே இருக்கு. அடிக்கடி மாட்டுற சிலத மட்டும் பாப்போம்.

1. மூணாவதா ஒரு காரணம். குழந்தை முன்னாடி ஒரு மிட்டாய வச்சு, நான் திரும்பி வர்ற வரைக்கும் தொடாம இருந்தா ரெண்டு தரேன்னு சொல்ற மார்ஷ்மெல்லோ சோதனை எல்லாருக்கும் தெரியும். வால்டர் மிஷெல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தோட மழலையர் பள்ளியில பண்ணது. காத்திருந்த குழந்தைங்க பின்னாடி படிப்புல நல்லா வந்தாங்கன்னு சொன்னதும் சுயக்கட்டுப்பாடுதான் வாழ்க்கையோட சாவின்னு உலகமே பேச ஆரம்பிச்சிடுச்சு. 2018ல டைலர் வாட்ஸ், கிரெக் டங்கன், ஹாவோனன் க்வான் மூணு பேரும் 900க்கும் மேற்பட்ட, பலதரப்பட்ட குடும்பத்துக் குழந்தைங்களோட தரவ எடுத்துப் பாத்தாங்க. தொடர்பு இருந்துச்சு, ஆனா பழைய ஆய்வுல சொன்னதுல சுமாரா பாதிதான், குடும்பப் பின்னணியும் குழந்தையோட ஆரம்ப கால அறிவுத்திறனும் வீட்டுச் சூழலும் கணக்குல சேத்ததும் அதுலயும் மூணுல ரெண்டு பங்கு காணாம போச்சு. மிட்டாய் வந்தா வரும், வராமலும் போகலாம்னு பழகிப்போன வீட்டுக் குழந்தை உடனே எடுத்துத் தின்னா அத மன உறுதி இல்லன்னு சொல்லிட முடியுமா என்ன.

2. சராசரிக்குத் திரும்புறது. இஸ்ரேல் விமானப்படையில பயிற்சி குடுக்கிறவங்க டேனியல் கானமன்ற உளவியலாளர்கிட்ட சொன்னாங்களாம், நல்லா ஓட்டுனவனப் பாராட்டுனா அடுத்த தடவ சொதப்புறான், சொதப்புனவனத் திட்டுனா அடுத்த தடவ நல்லா ஓட்டுறான், அதனால திட்டுதான் வேலை செய்யுதுன்னு. நிஜத்துல திட்டும் இல்ல பாராட்டும் இல்ல, ஒரு நாள் ரொம்ப மோசமா பண்ணவன் அடுத்த நாள் தன்னோட வழக்கமான அளவுக்கு வர்றது இயல்பு, அவ்ளோதான். மனசு ரொம்ப உடைஞ்சு போன நேரத்துலதான் ஆளுங்க சிகிச்சைக்கோ ஆப் டவுன்லோடு பண்ணவோ வர்றாங்க, ஆறு வாரம் கழிச்சு அளந்தா எதுவுமே பண்ணலன்னாலும் கொஞ்சம் தேறியிருப்பாங்க. ஒப்பிட கட்டுப்பாட்டுக் குழு, அதாவது அந்த முறைய குடுக்காம விட்ட ஒரு குழு, இல்லாம 'எங்க முறையில இத்தனை சதவீதம் பேர் முன்னேற்றம்'னு வர்ற விளம்பரம் எல்லாத்துலயும் இது ஒளிஞ்சிருக்கும்.

3. யாரு வந்தாங்க, யாரு பாதியில போனாங்க. 1971ல ஃபிலிப் ஜிம்பார்டோ நடத்துன ஸ்டான்ஃபோர்டு சிறைச் சோதனையில 24 மாணவர்கள தேர்ந்தெடுத்தாங்க, கைதி காவலர்னு குலுக்கல்லதான் பிரிச்சாங்க, ரெண்டு வாரம்னு ஆரம்பிச்சு 6 நாள்ல நிறுத்த வேண்டியதாச்சு. நல்லவனும் சீருடை போட்டா கொடூரமாயிடுவான்னு அதுலேர்ந்து முடிவெடுத்தாங்க. ஆனா ஆள் எடுக்கப் போட்ட விளம்பரத்துல சிறை வாழ்க்கையப் பத்தின ஆய்வுன்னே இருந்துச்சு. 2007ல தாமஸ் கார்னகனும் சாம் மெக்ஃபார்லண்டும் அதே விளம்பரத்த ஒரு தடவ சிறைன்ற வார்த்தையோட, ஒரு தடவ அது இல்லாம போட்டுப் பாத்தாங்க. அந்த வார்த்தை இருந்த விளம்பரத்துக்கு வந்தவங்க முரட்டுத்தனத்துலயும் அதிகார மனப்பான்மையிலயும் கூடுதல், பரிவுல குறைவு. அதுபோக காவலருங்களுக்கு எப்படி நடந்துக்கணும்னு முன்னாடியே சொல்லிக் குடுத்ததும் பின்னாடி பழைய பதிவுகள்லேர்ந்து வெளிய வந்துச்சு. கட்டுப்பாட்டுக் குழுவும் கிடையாது. சோதனைன்னு பேரு இருக்கே தவிர ஒரு நாடகப் பட்டறைக்கு மேல அதுல பெருசா ஒண்ணும் தாங்காதுன்னு தோணுது.

4. எதிர்பார்ப்பு. ஜெர்மனியில ஹான்ஸ்னு ஒரு குதிரை கூட்டல் கழித்தல் போட்டு கால் தட்டி பதில் சொல்லுச்சு. 1907ல ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் சோதிச்சுப் பாத்தா, கேக்குறவருக்கு விடை தெரிஞ்சிருந்தா மட்டும், அவரு முகம் தெரிஞ்சா மட்டும்தான் குதிரைக்கும் விடை தெரியுது. சரியான எண்ணிக்கை வந்ததும் கேக்குறவர் உடம்புல தன்னையறியாம வர்ற சின்ன அசைவப் பாத்து அது தட்டுறத நிறுத்தியிருக்கு. குதிரைக்கே இது முடியும்னா மனுஷனுக்குக் கேக்கவே வேணாம். ஆய்வுல கலந்துக்கிறவங்க 'இவங்க என்ன எதிர்பாக்குறாங்க'ன்னு மோப்பம் பிடிச்சு அதுக்கேத்த மாதிரி நடந்துக்கறத மார்ட்டின் ஓர்ன் 1962லயே எழுதி வச்சிட்டாரு. மருந்து ஆய்வுல இதுக்காகத்தான் யாருக்கு நிஜ மாத்திரைன்னு குடுக்கிறவருக்கும் தெரியாம வாங்குறவருக்கும் தெரியாம வைக்கிறாங்க. மனநல ஆலோசனைய அப்படி மறைச்சுக் குடுக்க வழியே இல்ல, தனக்கு சிகிச்சை கிடைக்குதுன்னு உக்காந்திருக்கவருக்குத் தெரியும். காத்திருப்புப் பட்டியல்ல போட்டவங்களோட அவங்கள ஒப்பிட்டா வித்தியாசம் ஊதிப் பெருசாத்தான் தெரியும், அதனால சிகிச்சை ஆய்வுன்னா 'எதோட ஒப்பிட்டாங்க'ன்ற கேள்விதான் முதல்ல வரணும்.

தற்செயலா வந்த நம்பர்

பி வேல்யூன்னு ஒண்ணு எல்லா கட்டுரையிலயும் இருக்கும், 0.05க்குக் கீழ இருந்தா 'குறிப்பிடத்தக்க முடிவு'ன்னு கொண்டாடுவாங்க. அதோட அர்த்தம், நிஜத்துல வித்தியாசமே இல்லன்னு வச்சிக்கிட்டா இவ்ளோ பெரிய வித்தியாசம், இல்ல இதவிடப் பெருசு, தற்செயலா வர எவ்ளோ வாய்ப்புன்றதுதான். 'எங்க முடிவு 95 சதவீதம் உண்மை'ன்னு அதுக்கு அர்த்தம் கெடையாது, ஆய்வாளர்களே இதுல தடுக்கி விழறாங்க. வித்தியாசம் பெருசா முக்கியமான்னும் அது சொல்லாது.

வித்தியாசமே இல்லாத எடத்துல 20 தனித்தனி விஷயத்த சோதிச்சா ஒண்ணாவது 0.05க்குக் கீழ வர வாய்ப்பு 64 சதவீதம். அந்த ஒண்ண மட்டும் எழுதிட்டு மிச்சம் 19 பத்தி வாயே திறக்கலன்னா படிக்கிறவருக்கு எப்படித் தெரியும். 2011ல ஜோசப் சிம்மன்ஸ், லீஃப் நெல்சன், யூரி சைமன்சன் மூணு பேரு இத நக்கலா நிரூபிச்சாங்க. ஒரு குறிப்பிட்ட பீட்டில்ஸ் பாட்டக் கேட்ட மாணவர்கள், வேற இசை கேட்டவங்கள விட கிட்டத்தட்ட ஒன்றரை வயசு கம்மியாயிட்டாங்கன்னு புள்ளியியல் சுத்தமா காட்டுனாங்க, பாட்டு கேட்டா உற்சாகம் வருதுன்னு இல்ல, நிஜமாவே பிறந்த தேதிப்படி வயசு கம்மி! எல்லாம் வழக்கமா எல்லாரும் பண்ற சின்னச் சின்ன சலுகைதான், நிறைய கேள்வி கேட்டுட்டு சிலத மட்டும் சொல்றது, முடிவு வர்ற வரைக்கும் ஆள் சேத்துக்கிட்டே போறது, வயசு, ஆணா பெண்ணா மாதிரி தனக்குத் தோதான ஒரு விவரத்த கணக்குல நுழைக்கிறது. இப்படி நாலு சலுகை சேந்தா 5 சதவீதமா இருக்க வேண்டிய பொய் முடிவு 60 சதவீதத்த தாண்டுதுன்னு கணக்குப் போட்டுக் காட்டுனாங்க. பி ஹேக்கிங்னு சொல்றது இதத்தான், பண்றவங்கள்ல பாதிப்பேரு அத மோசடின்னு நெனச்சுக்கூடப் பண்றதில்ல.

ஆள் எண்ணிக்கையும் இதுல சேரும். ரெண்டு குழுவுக்கு நடுவுல நடுத்தர அளவு வித்தியாசம் இருந்தா அத 80 சதவீத வாய்ப்போட பிடிக்க ஒரு குழுவுக்கு 64 பேரு வேணும், சின்ன வித்தியாசம்னா கிட்டத்தட்ட 400 பேரு. கைய விரிச்சு நெஞ்ச நிமித்தி ரெண்டு நிமிஷம் நின்னா ஹார்மோனே மாறும்னு சொன்ன 2010 ஆய்வுல மொத்தமே 42 பேரு. 2015ல 200 பேர வச்சுத் திரும்பப் பண்ணப்போ தெம்பா இருக்குற மாதிரி தோணுதுன்னு சொன்னாங்க, ஹார்மோன்ல ஒண்ணும் வரல. முதல் ஆய்வ எழுதுனவங்கள்ல ஒருத்தரே 2016ல இனி எனக்கு இதுல நம்பிக்கை இல்லன்னு வெளிப்படையா சொல்லிட்டாரு. ஆளு நிறைய இருந்தா வேற சிக்கல், லட்சக்கணக்குல ஆள் சேந்தா ஒண்ணுமில்லாத சின்ன வித்தியாசம்கூட 'குறிப்பிடத்தக்க'ன்னு வந்துடும். அப்போ பி வேல்யூவ விட்டுட்டு விளைவோட அளவ, அதாவது வித்தியாசம் எவ்ளோ பெருசுன்றதப் பாக்கணும்.

யாருக்குப் பொருந்தும்

இது சீக்கிரம் சொல்லிடலாம், ஆனா சின்ன விஷயம் இல்ல. 2008ல ஜெஃப்ரி ஆர்னெட் அமெரிக்காவோட முக்கியமான 6 உளவியல் இதழ்கள எடுத்துப் பாத்தா, ஆய்வுல கலந்துக்கிட்டவங்கள்ல 96 சதவீதம் பேரு மேற்கத்திய தொழில் நாடுகள்லேர்ந்து வந்தவங்க, அமெரிக்கா மட்டுமே 68 சதவீதம். உலக மக்கள்தொகையில அந்த நாடுங்களோட பங்கு 12 சதவீதம்தான். 2010ல ஜோசப் ஹென்ரிக்கும் கூட ரெண்டு பேரும் இந்தக் கூட்டத்துக்கு வியர்டுன்னே பேரு வச்சாங்க, விசித்திரம்னு அர்த்தம் வர்ற மாதிரி. மேற்கத்திய, படிச்ச, தொழில்மயமான, பணக்கார, ஜனநாயக நாட்டு ஆளுங்கன்றதோட ஆங்கில முதலெழுத்துங்க சேந்து வர்ற வார்த்தை அது. கண்ணு பாக்குறதாவது எல்லாருக்கும் ஒண்ணுதானேன்னு நெனச்சா அதுவும் இல்ல, ஒரே நீளக் கோடு அம்பு முனை மாறுனா நீளம் மாறித் தெரியற முல்லர் லையர் மாயைய 1966ல பல சமூகங்கள்ல சோதிச்சப்போ, அமெரிக்கர்கள் நல்லா ஏமாந்தாங்க, கலஹாரி பாலைவனத்து சான் மக்கள் கிட்டத்தட்ட ஏமாறவே இல்ல. அந்த ஆய்வுலயும் ஒரு ஆசிரியர் மேல சொன்ன அதே டொனால்ட் கேம்பல்தான்.

2011லேர்ந்து என்ன ஆச்சு

எல்லாம் ஒரே வருஷத்துல வந்து மோதுச்சு. 2011ல டேரில் பெம்னு மதிப்புள்ள ஒரு உளவியலாளர், மனுஷங்களால எதிர்காலத்த உணர முடியும்னு 9 சோதனை, ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆளுங்களோட பெரிய இதழ்ல கட்டுரை போட்டாரு. முறை எல்லாம் வழக்கமான முறைதான், அதுதான் பயமா இருந்துச்சு, இந்த முறையில இதையும் காட்ட முடியும்னா இதே முறையில காட்டுன மத்ததெல்லாம் என்ன ஆகும்? அத திரும்பப் பண்ணி ஒண்ணும் வரலன்னு எழுதுன மூணு பேரோட கட்டுரைய, பழைய ஆய்வ திரும்பப் பண்றத நாங்க போடறதில்லன்னு அதே இதழ் திருப்பி அனுப்பிடுச்சு. அதே வருஷம் நெதர்லாந்துல டீடெரிக் ஸ்டாப்பெல்ன்ற பேராசிரியர் தரவையே சொந்தமா எழுதிப் போட்டிருந்தது அம்பலமாகி அம்பதுக்கும் மேல கட்டுரைங்கள திரும்பப் பெற வேண்டியதாச்சு.

2015ல பிரையன் நோசெக் தலைமையில ஒரு பெரிய கூட்டணி, உளவியல் இதழ்கள்ல வந்த 100 ஆய்வ திரும்பப் பண்ணிப் பாத்தாங்க. பழைய ஆய்வுல 97 சதவீதம் 'குறிப்பிடத்தக்க முடிவு', திரும்பப் பண்ணதுல 36 சதவீதம், விளைவோட அளவும் சராசரியா பாதி. மன உறுதி பேட்டரி மாதிரி தீந்து போகும்னு சொன்ன கருத்த 2016ல 23 ஆய்வுக்கூடம், 2,141 பேரு வச்சுப் பாத்தப்போ விளைவு பூஜ்யத்துக்குப் பக்கத்துல. இதக் காட்டி உளவியலே டுபாக்கூர்னு சொல்றவங்க இன்னொரு பக்கத்த விட்டுடறாங்க. 2014ல 13 விளைவ 36 எடத்துல 6,344 பேர்கிட்ட சோதிச்ச திட்டத்துல 10 நல்லா நின்னுச்சு. முதல்ல காதுல விழுந்த நம்பர் நம்ம மதிப்பீட்ட இழுத்துக்கிட்டுப் போறது, அதாவது நங்கூர விளைவு, பழைய ஆய்வ விட பலமாவே வந்துச்சு.

மாத்துனது என்னன்னா, தரவ சேகரிக்கறதுக்கு முன்னாடியே கருதுகோள் (என்ன நடக்கும்னு எதிர்பாக்குறோம்) என்ன, எத்தனை ஆள், எந்தக் கணக்குன்னு எழுதிப் பதிவு பண்ணி வைக்கிறது. அதுலயும் ஒரு படி மேல போயி, முடிவு தெரியறதுக்கு முன்னாடியே கேள்வியும் முறையும் மட்டும் பாத்து இதழ் கட்டுரைய ஏத்துக்கற முறை 2013லேர்ந்து வந்துச்சு. வித்தியாசம் எவ்ளோன்னா, 2021ல வந்த ஒப்பீட்டுல வழக்கமான கட்டுரைங்கள்ல 96 சதவீதம் கருதுகோள் சரின்னு சொல்லுது, முன்கூட்டி ஏத்துக்கிட்ட கட்டுரைங்கள்ல 44 சதவீதம்தான். ரெண்டாவது கூட்டத்துல துணிச்சலான கருதுகோள்களும் இருந்திருக்கலாம்னு ஒரு எதிர்வாதம் உண்டு, ஆனா அது மட்டுமே 52 புள்ளி இடைவெளிய விளக்கிடும்னு நம்புறது கஷ்டம்.

அந்த செல்போன் செய்திக்கு வருவோம்

2019ல ஏமி ஓர்பனும் ஆண்ட்ரூ பிரிசில்ஸ்கியும் அமெரிக்கா, பிரிட்டன் ரெண்டு நாட்டுலேர்ந்து 3,55,358 வளரிளம் பருவத்தினரோட தரவ எடுத்து, அத எத்தனை விதமா கணக்குப் போட முடியுமோ அத்தனை விதமாவும் போட்டுப் பாத்தாங்க. டிஜிட்டல் பயன்பாட்டுக்கும் மனநலத்துக்கும் எதிர்மறைத் தொடர்பு இருக்குதான், ஆனா பசங்களுக்கு நடுவுல இருக்குற மனநல வித்தியாசத்துல அது விளக்குறது அதிகபட்சம் 0.4 சதவீதம். அதே தரவுல உருளைக்கிழங்கு சாப்பிடறதுக்கும் கிட்டத்தட்ட அவ்ளோ எதிர்மறைத் தொடர்பு இருந்துச்சு, கண்ணாடி போடறதுக்கு அதவிட அதிகமா. இப்போ நாலு கேள்விய வரிசையா வைங்க.

1. அளவு: திரை நேரம் பசங்க சொன்னது. எல்லா திரையும் ஒரே மூட்டை, பாடம் பாத்ததும் சண்டை போட்டதும் ஒண்ணாத்தான் இருக்கு.
2. காரணம்: தொடர்பு ஆய்வு. போன் பாத்து சோர்ந்தாங்களா, சோர்ந்ததால போனுக்குள்ள போனாங்களா, இல்ல வீட்டுச் சூழல் ரெண்டையும் தள்ளுச்சா, இதால சொல்ல முடியாது.
3. புள்ளியியல்: ஆள் ரொம்ப அதிகம், அதனால சிறிய விளைவும் 'குறிப்பிடத்தக்க'ன்னு வரும். 'தொடர்பு உறுதி'ன்னு ஒரு செய்தியும் 'தொடர்பு அற்பம்'னு ஒரு செய்தியும் இதே மாதிரித் தரவுலேர்ந்து நேர்மையாவே வர முடியறது இங்கதான்.
4. பொருத்தம்: ரெண்டு நாட்டுப் பசங்க, அந்தந்த வருஷத்து ஆப்புங்க.

அதனால 'போன் ஒண்ணும் பண்ணாது'ன்ற முடிவையும் இந்த ஆய்வு தாங்காது. சராசரியில 0.4 சதவீதம்னா பத்துப் பேருல ஒருத்தருக்கு நல்ல அடியும் மிச்சப் பேருக்கு ஒண்ணுமில்லாமலும் இருக்க முடியும். அதப் பாக்க ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியா, ஒரு நாளைக்குப் பல தடவ கேட்டுப் பின்தொடரணும். நெதர்லாந்துல 2020ல அப்படி ஒண்ணு வந்துச்சு, சமூக ஊடகத்த சும்மா பாத்துக்கிட்டிருந்ததுக்கு அப்புறம் 46 சதவீதம் பேருக்கு மனசு கொஞ்சம் நல்லா ஆச்சு, 44 சதவீதம் பேருக்கு ஒரு மாத்தமும் இல்ல, 10 சதவீதம் பேருக்கு மோசமாச்சு. கலந்துக்கிட்டவங்க மொத்தம் 63 பேரு, பின்தொடர்ந்தது ஒரு வாரம்.